ஒரு ஸ்டிக்கர் கற்றுத்தந்த பாடம்

சென்ற கல்வியாண்டில் கலைத்திருவிழா முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் வகுப்பாசிரியராக இருந்த ஒன்பதாம் வகுப்பில், சாதாரணமாக விடுப்பே எடுக்காத மாணவி ஒருத்தி மூன்று நாள்கள் தொடர்ந்து வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். நான்காம் நாள் காலையில் அவளுடைய பாட்டி பள்ளிக்கு வந்தார். "இனிமே பள்ளிக்கூடமே வேணாங்குது டீச்சர். என்னன்னு கேட்டா போனைக் கீழ வச்சிட்டு அழுவுது. நீங்களாவது வந்து கேளுங்க" என்றார்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். கலைத்திருவிழாவில் அவள் கரகம் ஆடியிருந்தாள். அப்போது எடுத்த குழுப்படத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி, யாரோ வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கியிருந்தார்கள். ஆட்டத்தின் நடுவில் வாய் திறந்து, கண்கள் பாதி மூடிய முகம். அடியில் ஒரு கேலி வசனம். மாணவர்கள் தாங்களே நடத்திவந்த வகுப்புக் குரூப்பில் அது வந்து விழுந்திருக்கிறது. அதன்பிறகு யார் எதைக் கேட்டாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கரைப் போடுவது வழக்கமாகிவிட்டது. வீட்டுப்பாடம் என்ன என்று கேட்டால் ஸ்டிக்கர். மழைக்கு விடுமுறை உண்டா என்று கேட்டாலும் ஸ்டிக்கர். அவளும் அந்தக் குரூப்பில் இருந்தாள். "நாப்பத்தேழு தடவை வந்துச்சு டீச்சர்" என்றாள். எண்ணியிருக்கிறாள்.

நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது. "அந்தப் படத்தை நீ யாருக்கு அனுப்பினாய்?" என்று கேட்டேன். "யாருக்கும் அனுப்பல டீச்சர்" என்றாள். அதற்குமேல் அவள் என்னிடம் பேசவில்லை.

நான் நடத்திய தவறான வகுப்பு

மறுநாள் முதல் பாடவேளையை முழுவதும் எடுத்துக்கொண்டேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம், இணையவழிக் குற்றப்பிரிவு, காவல்துறை என்று எல்லாவற்றையும் சொன்னேன். செய்தவர் யாரென்று கேட்டேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெற்றோரை அழைத்துவரச் சொல்வேன் என்றேன். கைபேசி எவ்வளவு கெட்டது என்றும் பேசினேன். வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதியாக இருந்தது. பாடம் நன்றாக இறங்கிவிட்டது என்று நம்பினேன்.

அன்று மாலையே பழைய குரூப் கலைந்துவிட்டது. இரவுக்குள் வேறு பெயரில் புதிய குரூப் தொடங்கப்பட்டது. அதில் அந்த மாணவி இல்லை. என்னிடம் விவரம் சொல்லியிருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட இரண்டு பேரும் இல்லை. இது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியவந்தது. என் வகுப்பு ஸ்டிக்கரை நிறுத்தவில்லை. கேலிக்கு ஆளானவளை அவர்களுடைய உலகத்திலிருந்தே வெளியேற்றியிருந்தது. மறுநாள் என்ன தேர்வு, யார் வீட்டில் விசேஷம், எந்தப் பேருந்து வரவில்லை என்பதெல்லாம் அந்தக் குரூப்பில்தான் பேசப்படும். அதில் இல்லாத பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சட்டத்தைச் சொன்னீங்க, சரி. நாளைக்கு இன்னொருத்தன் இதே மாதிரி அனுப்பினா, பார்த்துக்கிட்டிருக்கிற மத்த பிள்ளைங்க என்ன செய்யணும்னு சொன்னீங்களா?"

நான் சொல்லியிருக்கவில்லை. வகுப்பில் ஸ்டிக்கர் செய்தது ஒருவன். விடாமல் அனுப்பியவர்கள் நாலைந்து பேர். மற்ற அனைவரும் பார்த்தவர்கள். என் பேச்சு முழுவதும் அந்த ஒருவனைக் குறிவைத்தே இருந்தது.

தெரிந்ததும் தெரியாததும்

வளரிளம் பருவத்தினருக்கு டிஜிட்டல் எழுத்தறிவு என்றதும் செயலிகளை இயக்கக் கற்றுக்கொடுப்பது நம் நினைவுக்கு வருகிறது. அல்லது ஆபத்துகளைப் பட்டியலிட்டு எச்சரிப்பது. முதலாவது அவர்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. இரண்டாவது மட்டும் போதாது.

ஊரகப் பகுதிகளில் எடுக்கப்பட்ட 2024-ஆம் ஆண்டின் அசர் ஆய்வு 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் திறன்பேசிப் பயன்பாடு பற்றிக் கேட்டது. 82 விழுக்காட்டினருக்கும் மேல் திறன்பேசியை இயக்கத் தெரியும் என்றனர். முந்தைய வாரத்தில் படிப்பு தொடர்பாக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. சமூக ஊடகம் பயன்படுத்தியவர்களில், ஒரு கணக்கைத் தடுக்கவோ அதைப் பற்றிப் புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 விழுக்காடு. தம் கணக்கைப் பிறர் பார்க்காதபடி தனிப்பட்டதாக மாற்றத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய 55 விழுக்காடு. கடவுச்சொல்லை மாற்றத் தெரிந்தவர்கள் 58 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. பாதுகாப்பு பற்றிய இந்த அறிவு மாணவிகளிடம் மாணவர்களைவிடக் குறைவாக இருந்தது.

அதாவது, வாசலைத் திறந்து உள்ளே போகத் தெரிந்த பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இதை நாம் கற்றுத்தர முடியும். அது கடினமும் அல்ல. ஆனால் எங்கள் வகுப்பில் நடந்ததைத் தாழ்ப்பாள் தடுத்திருக்காது. அங்கே அந்நியர் யாரும் நுழையவில்லை. எல்லாரும் ஒரே வகுப்பில் படிக்கும் தோழர்கள்.

சிரிப்பு எப்படிப் பரவுகிறது?

அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 13 முதல் 18 வயதுக்குட்பட்ட 32 பேருக்கு, இன்ஸ்டாகிராம் போன்ற ஒரு திரையில் படங்களைக் காட்டி, அவர்களுடைய மூளையின் செயல்பாட்டைப் பதிவுசெய்தனர். படங்களுக்குக் கீழே இருந்த 'லைக்' எண்ணிக்கையை ஆய்வாளர்களே இட்டிருந்தனர். ஒரே படத்துக்குச் சிலருக்கு அதிக லைக்குகளும் சிலருக்குக் குறைவான லைக்குகளும் காட்டப்பட்டன. அதிக லைக்குகளோடு பார்த்தவர்களே அந்தப் படத்துக்கு லைக் இட அதிகம் முன்வந்தனர். புகைத்தல், மது போன்ற ஆபத்தான செயல்களைக் காட்டும் படங்களிலும் இதே நிலைதான்.

இதை நம் வகுப்பறைக்குப் பொருத்திப் பாருங்கள். கேலிப் படம் ஒன்று குரூப்பில் விழுகிறது. முதலில் வரும் மூன்று சிரிப்பு முகங்கள்தாம் அது வேடிக்கையா, கொடுமையா என்று முடிவுசெய்கின்றன. நான்காவது பிள்ளை படத்தை மட்டும் பார்ப்பதில்லை. அந்த மூன்று சிரிப்பையும் சேர்த்தே பார்க்கிறது.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான 'கிவா' என்னும் பள்ளித் திட்டம் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. 2009-இல் நாடு முழுவதும் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட திட்டம் அது. அதற்கு அடிப்படையான ஆய்வுகளைச் செய்தவர் பேராசிரியர் கிறிஸ்டினா சால்மிவல்லி. ஒரு மாணவரை மற்றவர்கள் துன்புறுத்தும்போது வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பாத்திரம் ஏற்கிறார்கள் என்கிறார் அவர். செய்பவர், கூடச் சேர்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், துணைநிற்பவர் என அந்தப் பாத்திரங்கள் பிரிகின்றன. செய்பவரைத் திருத்துவது கடினம். ஆனால் சிரிப்பவரையும் ஒதுங்குபவரையும் ஓரடி நகர்த்த முடியும். பார்வையாளர்களின் ஆதரவு குறைந்தால் செய்பவருக்குக் கிடைக்கும் கவனமும் மதிப்பும் குறையும்.

இதைப் படித்த பிறகு, புதிய வகுப்பை யாருக்காக எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவானது.

நான்கு பாடவேளைகள்

வாரத்துக்கு ஒன்றாக நான்கு பாடவேளைகளைத் தலைமையாசிரியர் ஒதுக்கித் தந்தார். கைபேசி எதுவும் வகுப்புக்குள் வரவில்லை. சுண்ணக்கட்டியும் துண்டுத்தாளும் போதுமானவையாக இருந்தன.

முதல் பாடவேளையில் கணக்குப் போட்டோம். 2018-இல் வதந்திகளால் நம் நாட்டில் பல இடங்களில் அப்பாவிகள் தாக்கப்பட்டு உயிரிழந்த பிறகு, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு விதித்தது. "ஐந்துதானே, குறைவு" என்றார்கள் மாணவர்கள். கரும்பலகையில் ஒரு புள்ளி வைத்தேன். அதிலிருந்து 5, பிறகு 25, 125, 625. ஐந்தாம் கையில் 3,125. எங்கள் ஊரின் மக்கள்தொகையைவிட அதிகம். "இப்போது 'டெலீட்' அழுத்தினால் எத்தனை புள்ளி அழியும்?" என்று கேட்டேன். ஒரு மாணவன் எழுந்து வந்து முதல் புள்ளியை மட்டும் அழித்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். விளக்கம் தேவைப்படவில்லை.

இரண்டாம் பாடவேளையில் பெயர் எழுதாத துண்டுத்தாள் கொடுத்தேன். ஒரே கேள்வி: "அந்த ஸ்டிக்கரைப் பார்த்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள், ஏன்?" யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முயல மாட்டேன் என்று உறுதி சொன்னேன், அதைக் காப்பாற்றவும் செய்தேன். பாதிக்கு மேற்பட்டோர், சிரிக்கும் முகம் போட்டதாக எழுதியிருந்தார்கள். காரணம், போடாவிட்டால் அடுத்த ஸ்டிக்கர் தாங்களாகிவிடுவோம் என்ற பயம். "எட்டாம் வகுப்பில் என்னை இப்படிச் செய்தார்கள், அப்போது யாரும் கேட்கவில்லை" என்று ஒரு தாளில் இருந்தது. "அவளுக்குத் தனியா மெசேஜ் போடணும்னு நெனச்சேன். என்ன எழுதறதுன்னு தெரியல" என்று இன்னொன்று. அந்த வரியில் நான் நெடுநேரம் நின்றேன். சட்டம் தெரியாததால் அந்தப் பிள்ளை சும்மா இருக்கவில்லை. சொல்ல ஒரு வாக்கியம் இல்லாததால் சும்மா இருந்திருக்கிறது.

மற்றொரு தாளில் இப்படி இருந்தது: "அந்த போட்டோ டீச்சர் போட்டதுதான்."

உண்மைதான். கலைத்திருவிழா அன்று பெருமையோடு நான் எடுத்த பதினெட்டுப் படங்களைப் பெற்றோர் குரூப்பில் பகிர்ந்திருந்தேன். பெற்றோரின் கைபேசி பெரும்பாலும் மாலையில் பிள்ளைகள் கையில்தான் இருக்கும். படத்தை யாருக்கு அனுப்பினாய் என்று அவளிடம் கேட்டேனே, அனுப்பியது நான். அடுத்த நாள் வகுப்பிலேயே இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதற்கு முன்பே அவள் வீட்டுக்குப் போய் அவளிடமும் கேட்டுவிட்டேன்.

மூன்றாம் பாடவேளையில் வாக்கியங்கள் உருவாக்கினோம். ஐந்து குழுக்களாக உட்கார்ந்து, 'குரூப்பில் ஒரு கேலிப் படம் வந்தால் என்ன எழுதலாம்' என்று யோசித்தார்கள். பாடநூல் நடையில் எழுதக் கூடாது, நிஜமாக அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. "டேய், எடுத்துரு. போதும்." "நாளைக்கு மேட்ச் எத்தனை மணிக்கு?" என்று பேச்சை மாற்றுவது. குரூப்பில் எதுவும் சொல்லத் துணிவில்லை என்றால், செய்தவனுக்குத் தனியாக, "உன்ன குறை சொல்லல, அவ பாவம், அழிச்சிரு." பாதிக்கப்பட்டவருக்கு, "பார்த்தேன். எனக்குப் பிடிக்கல. நாளைக்கு வா, சேர்ந்து சாப்பிடலாம்." இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியது, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவன். ஒவ்வொரு வாக்கியத்தையும் நடித்துப் பார்த்தோம். சிரிப்பும் கூச்சலுமாகத்தான் நடந்தது. ஆனால் ஒருமுறை வாயால் சொல்லிப் பார்த்ததை மறுமுறை விரலால் எழுதுவது எளிது.

நான்காம் பாடவேளை உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில். என் கைபேசித் திரையைப் பெரிதாக்கிக் காட்டி, தாழ்ப்பாள்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தோம். நம் அனுமதியின்றி யார் வேண்டுமானாலும் குரூப்பில் சேர்ப்பதைத் தடுக்கும் அமைப்பு, முகப்புப் படத்தை யார் பார்க்கலாம் என்ற தேர்வு, தடுத்தல், புகார் செய்தல், இரண்டு கட்டச் சரிபார்ப்பு ஆகியவை அவை. குரூப்பில் பிறர் போட்ட செய்தியை அட்மின் நீக்க முடியும் என்பது, அட்மினாக இருந்த மாணவனுக்கே அன்றுதான் தெரிந்தது. முடிவில், யாரிடம் சொல்லலாம் என்ற பட்டியலை அவர்களே எழுதினார்கள். பள்ளியின் 'மாணவர் மனசு' பெட்டி, 14417, 1098 ஆகியவற்றோடு, தாங்கள் நம்பும் பெரியவர் ஒருவரின் பெயரையும் ஒவ்வொருவரும் எழுதி வைத்துக்கொண்டார்கள். சிலர் அம்மா என்றும், சிலர் சித்தப்பா என்றும் எழுதினார்கள். ஒருத்தி சத்துணவு அக்கா என்று எழுதினாள்.

நாம் கவனிக்க வேண்டியவை

எங்கள் வகுப்பில் நடந்தது கேலி. சில பள்ளிகளில் இதைவிடக் கடுமையானவையும் நடக்கலாம். அப்போது ஆசிரியர்கள் நல்லெண்ணத்தில் செய்யும் சில செயல்கள் தீங்காகிவிடும்.

ஒரு குழந்தையின் பாலியல் தன்மை கொண்ட படம் பரவுவதாகத் தெரிந்தால், "ஆதாரத்துக்கு எனக்கு அனுப்பு" என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. அதை வைத்திருப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். போக்சோ சட்டம், 2012-இன் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததாக அறிந்தவர் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறுவதும் தண்டனைக்குரியது. பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்கும் விஷயம் அல்ல இது. தேசிய இணையவழிக் குற்றப் புகார் தளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் குறிப்பிடாமலும் பதியலாம். பணமோசடி என்றால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

18 வயதுக்குள் எடுக்கப்பட்ட இத்தகைய படம் இணையத்தில் பரவும் என்று அஞ்சும் பிள்ளைகளுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உள்ளது. அமெரிக்காவின் காணாமல்போன, துன்புறுத்தப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் அதை நடத்துகிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. கைபேசியிலேயே படத்துக்கு ஓர் எண்குறியீடு உருவாகும். அந்தக் குறியீடு மட்டும் திட்டத்தில் இணைந்துள்ள நிறுவனங்களுக்குப் போகும். அதைக் கொண்டு அவை படத்தைக் கண்டறிந்து நீக்கும்.

அடுத்தது நம் சொந்தப் பழக்கம். மாணவர்களின் படங்களை ஸ்டேட்டஸில் வைக்கிறோம். மதிப்பெண் பட்டியலைப் பெற்றோர் குரூப்பில் போடுகிறோம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது; அவர்களுடைய தரவைக் கையாளப் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. சட்டம் இருக்கட்டும். 'உன் படத்தைப் போடலாமா?' என்று நாம் பிள்ளையிடம் ஒருமுறை கேட்டால், அதே கேள்வியை அந்தப் பிள்ளை தன் தோழியிடம் கேட்கக் கற்றுக்கொள்கிறது. இப்போது நான் கேட்கிறேன். "வேணாம் டீச்சர்" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் படங்களை விட்டுவிடுகிறேன்.

மாறியதும் மாறாததும்

மாணவர்கள் கைபேசியில் செலவிடும் நேரம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர்களுடைய குரூப்பும் இருக்கிறது. அதில் நான் இல்லை, இருக்கவும் கூடாது. கேலியும் நின்றுவிடவில்லை.

ஆனால் பிப்ரவரியில் ஒரு மாணவன் வகுப்பில் தூங்கும் படம் அங்கே வந்ததாம். சற்று நேரத்திலேயே இரண்டு பேர் "எடுத்துரு" என்று எழுத, ஒருவன் கிரிக்கெட்டுக்குப் பேச்சை மாற்ற, போட்டவனே அதை நீக்கிவிட்டானாம். ஒரு மாதம் கழித்து, வேறு எதையோ பேசும்போது தற்செயலாக ஒரு மாணவி இதைச் சொன்னாள். அவர்களைப் பொறுத்தவரை அது என்னிடம் வந்து சொல்லும் அளவுக்குப் பெரிய செய்தியே அல்ல. டிஜிட்டல் எழுத்தறிவு வகுப்பின் பயன் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். அதை மதிப்பெண் பட்டியலில் காட்ட முடியாது; நடக்காமல்போன ஒன்றை யாரும் புகாராகக் கொண்டுவருவதில்லை.

அந்த மாணவி பள்ளிக்குத் திரும்பினாள். வகுப்புத் தோழிகள் இருவர் ஒரு காலையில் அவள் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தார்கள், நான் அனுப்பவில்லை. இப்போது பத்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். இந்த ஆண்டு கலைத்திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அவளிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "பாட்டுக்கு வரேன் டீச்சர். ஆட்டம் வேணாம்" என்றாள்.

சரி என்று பாட்டுப் பிரிவில் அவள் பெயரை எழுதிக்கொண்டேன். படம் எடுக்கலாமா என்பதை அன்றைக்கு மேடை ஏறுமுன் அவளிடம் கேட்க வேண்டும்.